சிவனேஸ்வரி அக்கா படுத்த இடம்

சிவனேஸ்வரி அக்காவின் வீட்டுக்குள் போகிறவர்கள் பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். நேராக நடந்தால் ஏதாவது ஒன்று காலில் இடிக்கும். தர்மபுரத்தில் எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணி அவருடையது. ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. குடியேற்றத் திட்டத்தில் எல்லோருக்கும் கிடைத்த அதே வீடுதான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் இருந்தோம். அவர் வீட்டில் சாவகச்சேரியே இருந்தது.

சும்மா சொல்லவில்லை. அவருடைய கணவர் கனகலிங்கம் அண்ணையின் சாவகச்சேரிச் சொந்தக்காரர் யார் நெல் அரிவு வெட்டுக்கு வந்தாலும், திரும்பும்போது ஒரு சாமானை விட்டுவிட்டுத்தான் போவார்கள். கால் போன கதிரை, தகரப் பெட்டி, வண்டிச் சில்லு. "இஞ்சை கிடக்கட்டும், உங்களுக்குத்தானே இடம் கிடக்கு" என்பார்கள். விட்டால் கோயில் தேரையும் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் கொட்டிலில் இருந்த நெல் போனதிலிருந்து அண்ணையும் மூட்டைகளை அறைக்குள்ளேயே அடுக்கினார். இவ்வளவுக்கும் நடுவில் ஐந்து பிள்ளைகளும் அக்காவும்.

கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அக்கா வெளுத்துப்போனார். குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். அடுப்படியிலிருந்து எழும்பினால் தலை சுற்றும். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் காணாது, சோகை என்று டாக்குத்தர் குளிசை தந்தார். "மத்தியானத்திலை ஒரு மணித்தியாலம் கால் நீட்டிப் படுக்கோணும் அம்மா. இல்லாட்டி ஒருநாளைக்கு விழுந்துபோவீங்கள்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அக்கா சிரித்தார். "குளிசையை விழுங்கலாம். எங்கை படுக்கிறது, சொல்லு பிள்ளை?"

எங்கே படுப்பது? விறாந்தையில் வேலைக்கு வந்த ஆம்பிளைகள். குசினிக்குள் புகை. வேப்பமரத்தடியில் ஒரு பெண் பகலில் கால் நீட்டிப் படுத்தால் தெருவால் போகிற சனத்துக்கு வேறு கதை வேண்டாம். இரவில் மூட்டைகளுக்கு இடையில் பிள்ளைகளோடு முடங்குவதுதான் அவருடைய படுக்கை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எழும்புங்கோ அக்கா, வீட்டை ஒழுங்குபடுத்துவம்" என்று சேலையை இழுத்துச் செருகினேன். மூட்டைகளைப் பனங்குற்றி மேல் ஒரே சுவரோடு ஏற்றினோம். கதிரையையும் சில்லையும் முகட்டு வளையில் கயிறு போட்டுக் கட்டினோம். தகரப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தோம். கடைசியில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் வெளியே வந்தது. அக்கா அதைச் சாணத்தால் மெழுகிக் காயவிட்டு, பாயைப் போட்டுப் படுத்தார். படுத்தவுடன் நித்திரை. அந்த மாசி மாதம் முழுக்க மத்தியானத்தில் நான் அவரைக் கூப்பிடவில்லை. முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. கிணற்றடியில் நின்று பகிடிகூட விட்டார்.

அதற்குள் கனகலிங்கம் அண்ணை ஒரு கலியாண வீட்டுக்குச் சாவகச்சேரி போனார். போனவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? தன் தமையன் ஐயாத்துரையிடம், "வீட்டிலை சாமானாலை நெருக்கம் அண்ணை, இவள் படுக்கக்கூட இடமில்லாமல் கிடந்தவள்" என்று சொல்லியிருக்கிறார். இனி ஒன்றும் கொண்டுவரவேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பங்குனியில் நெல் ஏற்ற வந்த லொறி அக்காவின் வாசல் படலையில் நின்றது. முன்னால் இருந்து ஐயாத்துரையர் இறங்கினார். பின்னால் இருந்து நாலு பேர் ஒரு அலுமாரியை இறக்கினார்கள். முதிரைப் பலகையில் செய்த பழைய அலுமாரி, பெரிய யானைக்குட்டி அளவு.

"வீட்டிலை ஒரு அலுமாரி இல்லாட்டி சாமான் அப்பிடித்தான் சிதறிக் கிடக்கும் பிள்ளை. இனி எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கலாம்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அது நிற்கக்கூடிய இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வைத்தார்கள்.

"திறப்பு எங்கை அத்தான்?" என்று பூட்டைத் தொட்டபடி அக்கா கேட்டார்.

"ஐயோ, அது என்ரை மனுசியின்ரை இடுப்பிலை. அவவின்ரை கூறைச்சீலை, வெண்கலச் சாமான் எல்லாம் உள்ளுக்குக் கிடக்கு. அங்கை கறையான். அடுத்த முறை வரேக்கை பாப்பம்."

அக்கா வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனார். நான் பின்னாலேயே குசினிக்குள் போய்க் கத்தினேன்.

"என்னக்கா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ? கொண்டுபோங்கோ எண்டு சொல்லுங்கோவன்!"

"மெல்லக் கதை பிள்ளை. இந்தக் காணி காடாக் கிடக்கேக்கை இவரோடை நிண்டு வெட்டினவர் அத்தான்தான். காய்ச்சலிலை சாகப் பாத்தவர். அவர் கொண்டுவந்ததை நான் என்னெண்டு வேண்டாம் எண்டிறது?"

முற்றத்தில் கனகலிங்கம் அண்ணை என்னைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்?

மறுநாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன். அக்கா அலுமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி குந்தியிருந்தார். கால் நீட்ட இடமில்லை; முன்னால் மூட்டை. அலுமாரிக்கு மேலே அதற்குள் யாரோ விதைநெல் சாக்கு ஒன்றையும் ஏற்றியிருந்தார்கள். என் காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகோணும் என்ன பிள்ளை?"

"ஓம் அக்கா."

"டாக்குத்தர் கேட்டா, படுக்கிறனான் எண்டு சொல்லுவன். நீயும் அப்பிடியே சொல்லு. பாவம், அவர் இனி வேறை என்ன மருந்து தாறது?"

குசினியில் உலை பொங்கிச் சீறியது. அக்கா பூட்டிய அலுமாரியின் பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.