கடைசிச் சரணத்தைக் கரையில் மாற்றினேன்

மாலை நான்கு பத்துக்கு மண்டபத்துச் சமையலறையில் தொலைபேசி அடித்தது. அந்த நிமிடம் வரைக்கும் என் பாட்டு வாழ்க்கையில் அதைவிட நல்ல சனிக்கிழமை இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வார நாட்களில் மங்கரேயில் விமானச் சரக்குக் கந்தோரில் வேலை செய்தேன். வார இறுதிகளில் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை பாடினேன், பாட்டும் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்த கைக்கு, ஒக்லாந்தில் கிடைத்த இசை அதுதான்.

இந்த இசையில் மேளம் கிடையாது. பான்ஜோ, மாண்டலின், கிற்றார், நடுவில் ஒரே ஒரு மைக். தனியாகப் பாடுபவர் மைக்கை நெருங்குவார், மற்றவர்கள் விலகுவார்கள். சேர்ந்து பாடும் இடத்தில் தலையோடு தலை முட்டாத குறையாக நிற்போம். மூச்சுகள் கலந்து ஒரே குரலாகிவிடும் அந்த இடத்தில், நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். இன்னொரு வழக்கமும் உண்டு. தாளம் குதிரை ஓட்டத்தில் போகும். வரிகளில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் குழுத் தலைவர் கிரேம் பான்ஜோக்காரர், பால் லொறி ஓட்டுபவர். என் பாட்டுகளில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்களே என்று அவருக்குக் குறை. ஒருவரையாவது சாகவிடு ஜெயா என்று நச்சரிப்பார். அதனால் ஒரு மதிய இடைவேளையில் எழுதினேன். மனுக்காவ் கடலேரியில் தண்ணீர் வற்றிய நேரம் ஒரு பெண்பிள்ளை சேற்றில் நடந்து போகிறாள். கடல் ஏற்றம் திரும்பி வருகிறது, பிள்ளை திரும்பி வரவில்லை. கரையில் தாய் காத்திருக்கிறாள்.

அன்று அதை முதல் முறையாக மேடையில் பாடினேன். கைதட்டல் நிற்கவில்லை. மிதந்தபடிதான் சமையலறைக்குப் போனேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, எங்கள் கோயிலுக்கு வரும் மன்னார்ப் பெண், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஜெயா அக்கா, குரல் நல்லாத்தான் இருந்தது. ஆனா பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டிலை இருந்துகொண்டு இப்பிடி ஒரு பாட்டை எழுதலாமே? அந்தச் சொல்லெல்லாம் வாயிலை வரலாமே?"

"பாட்டுத்தானே ஸ்டெல்லா" என்று சிரித்தேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் என் கணவர் செல்வன்.

"இஞ்சை பாரும், பதற்றப்படாதையும். அனித்தா இன்னும் வரேல்லை."

அனித்தா எங்கள் ஒரே மகள், பதினாறு வயது. பள்ளித் தோழி எம்மாவோடு, எம்மாவின் தகப்பனுடைய சிறிய படகில் காலையில் கடலேரிக்குப் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவள்.

ஸ்டெல்லா கையில் இருந்த கேத்தலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

எங்கள் மாண்டலின்காரர் சேகர் காரை எடுத்தார். மதுரைப் பக்கத்துப் பொடியன், கணினி வேலை. மாண்டலினைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து ஓட்டினார்.

"அக்கா, பாட்டுல சொன்னதெல்லாம் நடக்கும்னா எங்க ஊர் சினிமாவுல பாதிப் பேரு உசுரோட இருக்கமாட்டாங்க. சும்மா இருங்க."

கரையில் செல்வனும் எம்மாவின் பெற்றோரும் ஒரு பொலிஸ்காரரும் நின்றார்கள். கடல் இல்லை. சாம்பல் நிறச் சேறு வெள்ளி பூசினதுபோல் கண்ணுக்கு எட்டும்வரை கிடந்தது. பொலிஸ்காரர் தொலைநோக்கியைத் தந்தார். தூரத்துத் திட்டில் படகு ஒருபக்கம் சாய்ந்து தெரிந்தது. ஆட்கள் தெரியவில்லை. தண்ணீர் ஏறினால்தான் தேடும் படகு அங்கே போகும், சேற்றில் நடந்து போகவும் முடியாது என்றார்.

எனக்கோ அந்தத் தண்ணீர்தான் பயம். அது எப்படி வரும், வந்து என்ன செய்யும் என்று என் கையால் எழுதி, சற்று முன்புதான் இருநூறு பேருக்கு முன்னால் பாடியிருந்தேன்.

வெயில் சாய்ந்தது. சேற்றின் ஓரத்தில் ஒரு மினுக்கம் அசைந்தது. ஏற்றம் தொடங்கிவிட்டது.

"சேகர், ஜி சுருதி பிடியும்" என்றேன்.

"இப்பவா அக்கா?"

"பிடியுமெண்டுறன்."

செல்வன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உமக்கு விசரே ஜெயா?"

கடைசிச் சரணத்தை அங்கேயே, கடலைப் பார்த்தபடியே மாற்றிப் பாடினேன். தண்ணீர் வருகிறது, பிள்ளையும் வருகிறாள், அவள் காலடி வாசலில் கேட்கிறது. எதுகை சரியில்லை, தாளமும் இடறியது. திரும்பத் திரும்பப் பாடினேன். சேகரின் மாண்டலின் மழைத்தூறல்போல் கூடவே வந்தது. எத்தனையாவது தடவையோ தெரியாது, என் சுருதிக்கு மேலே ஒரு குரல் நடுங்கிக்கொண்டு ஏறியது. செல்வன். என்னோடு ஒருநாளும் பாடாத மனிதர். எங்கள் மூன்று தலைகளும் இல்லாத ஒரு மைக்கைச் சுற்றி நெருங்கியிருந்தன.

பாட்டு எழுத வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வார்த்தைக்கு அப்படி ஒரு வலு இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நின்று பாடமுடியாத வரியை மேடையில் பாடாதீர்கள். பிறகு இரண்டு கசெட் வெளியிட்டேன், இந்த நாட்டின் சின்னச் சின்ன மண்டபங்களிலெல்லாம் பாடினேன். என் பாட்டுகளில் ரயில் கவிழும், வீடு எரியும், மாப்பிள்ளைமார் தாராளமாகச் சாவார்கள். பிள்ளைகள் சாவதில்லை.

கண் மங்கும் வெளிச்சத்தில் முதலில் துடுப்புச் சத்தம் கேட்டது. தேடும் படகு புறப்படும் முன்பே அவர்களுடைய படகு வந்துவிட்டது. வெயிலுக்கும் காற்றுக்கும் ஒளிந்து இரண்டு பேரும் படகுக்குள் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அனித்தா கரையோரச் சேற்றில் தொடைவரை புதைய இறங்கி வந்தாள். நான் கட்டிப்பிடித்ததில் என் மேடைச் சட்டையெல்லாம் சேறு. அவள் ஏன் எல்லோரும் அழுகிறோம் என்று விளங்காமல், பாதித் தூக்கத்தில் சொன்னாள்:

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை மம். சும்மா கிடந்தம். தண்ணி வந்து எங்களைத் தூக்கிச்சு."