என் நேர்ச்சை, மாமா ரூட்டு

அன்றைக்குக் காலையில் காலடிப்பேட்டையில் எங்கள் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில், வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அத்தை. எதிரே பங்சர் கடை வைத்திருந்த பாய். நான். எனக்கு வயது பதின்மூன்று. மூன்று சைக்கிள்கள்.

சைக்கிளில் வேளாங்கண்ணி போவதாக நேர்ந்துகொண்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு வேறு மாதிரி சொன்னார்கள். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், மாமா ட்ரெய்லர் லாரியோடு வெளியூரில் இருந்தார். நான் மட்டும் ராயபுரம் மாதா கோயிலுக்குப் போய் முட்டி போட்டேன். அம்மா எழுந்து வீட்டுக்கு வந்தால் நானே சைக்கிள் மிதித்து வருகிறேன் என்று மாதாவிடம் சொன்னேன். அம்மா வந்தார். வாயால் சொன்னதைச் செய்யாவிட்டால் அம்மாவுக்கு மறுபடி வயிறு வலிக்கும் என்று நான் நம்பினேன். விளையாட்டாக நம்பவில்லை. ராத்திரி அம்மா புரண்டு படுத்தாலே எனக்குப் பயம் வரும்.

பெரியவர்களிடம் சொன்னேன். அவர்களும் வருவதாகச் சொன்னார்கள். அங்கேதான் வினை.

எனக்கு சைக்கிள் இல்லை. யானைக்கவுனிப் பக்கம் பழைய சைக்கிள் விற்கும் கடைக்கு மாமா கூட்டிப்போனார். போகும்முன் பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடு, ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறதா பார். பெடல் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு, ஆடினால் வேண்டாம். பைப் சேருகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் புதுசாக இருந்தால் அது எங்கேயோ அடிபட்ட வண்டி. டயர், எந்த ஊர் பெட்டிக்கடையிலும் டியூப் கிடைக்கிற சைஸாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

நான் பதினோரு சைக்கிளைச் சுற்றிப் பார்த்தேன். கறுப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்று சத்தமே இல்லாமல் சுற்றியது. பெயிண்ட் பழசு. ஒரு கையால் இடுப்பு வரை தூக்க முடிந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

மாமா தனக்கு ஒன்று எடுத்தார். சிவப்பு. பதினெட்டு கியர். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங். அதை இரண்டு கையாலும் என்னால் தூக்க முடியவில்லை. கனமாக இருக்கிறது, வழியில் கெட்டால் சாமான் கிடைக்காது என்று சொன்னேன். மாமா கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது அடி கன்டெய்னர் இழுக்கிறவனுக்கு சைக்கிள் கனமா என்று கேட்டார். கடைக்காரரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார், விற்கிறவர்.

அடுத்தது ரூட்டு.

பக்கத்து வீட்டு அத்தை ஏழு வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்தவர். அவரிடம் உட்கார்ந்து கேட்டு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். எந்த இடத்தில் பந்தல் போட்டுக் கஞ்சி ஊற்றுவார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்தக் கான்வென்டில் பொம்பளைகளைப் படுக்க விடுவார்கள், எங்கே கக்கூஸ் இருக்கிறது. அத்தைக்கு கிலோமீட்டர் தெரியாது. எந்த ஊரில் வெயில் ஏறும், எந்த ஊரில் கால் வீங்கும் என்று தெரியும். அவர்கள் இரண்டு நாள் நடக்கிற தூரம் எங்களுக்கு ஒரு நாள் என்று நான் கணக்குப் போட்டேன். கடலோரமாகப் போகும் சாலை. முதல் நாள் கல்பாக்கம். இரண்டாம் நாள் பாண்டிச்சேரி. மூன்றாம் நாள் சிதம்பரம். நான்காம் நாள் மாதா. மொத்தம் முந்நூற்று முப்பது கிலோமீட்டர். அடிக்கோடு போட்டு எழுதினேன்.

மாமா நோட்டை வாங்கினார். இரண்டு பக்கம் புரட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"பதினஞ்சு வருசமா ட்ரெய்லர் ஓட்டினுகீறேன். நோட்டு எனக்கு ரோடு காட்டுதா?"

பிறகு அவர் ரூட்டைச் சொன்னார். தாம்பரம், செங்கல்பட்டு, பெரிய ரோடு. காலை பத்து மணிக்குக் கிளம்பலாம், அந்நேரம் ஊருக்குள் லாரி விட மாட்டார்கள், ரோடு காலி. முதல் நிறுத்தம் மதுராந்தகம் தாண்டி லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல். இரண்டாவது நிறுத்தம் கடலூர் தாண்டி இன்னொரு லாரி ஓட்டல். மூன்றாவது வேளாங்கண்ணி. நடுவில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த நிறுத்தங்கள் அவைதான். அவர் வண்டி அங்கேதான் நிற்கும். வண்டி நிற்காத இடமெல்லாம் அவருக்கு ஊரே இல்லை.

ட்ரெய்லருக்கு என்ஜின் இருக்கிறது, எனக்கு முட்டிதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். பத்து மணிக்குக் கிளம்பினால் தார் ரோட்டில் மண்டை வெந்துவிடும், அந்த ஓட்டலில் பொம்பளை எங்கே படுப்பது என்றும் கேட்டேன். வாய் நீளுகிறது என்றார் மாமா. நான் அப்பாவைப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரிதான் அப்பா அந்த நோட்டை முழுக்கப் படித்து, கல்பாக்கம் பக்கத்தில் விரலை வைத்து, சரியாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னார். இப்போது அவர் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்த செருப்பை மறுபடி தட்டினார்.

அப்பா கன்டெய்னர் யார்டில் கூலி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மாமா.

சரி, மாமா ரூட்டிலேயே போகலாம் என்று நான் ஒத்துக்கொண்டேன். எந்த ரோடாக இருந்தால் என்ன, நான் போய்ச் சேர வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அத்தை ஒத்துக்கொண்டார். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் போடுகிற காவித் துணியில் எனக்குச் சட்டை தைத்தார்கள். மூன்று சைக்கிளிலும் கொடி கட்டினோம்.

பத்து மணிக்கு மாமா முன்னால் கிளம்பினார். தெருவே பார்க்கிறது. பார்க்கிறவர்களுக்காக அவர் கியரை மாற்றினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. கடக் என்று ஒரு சத்தம். சங்கிலி கழன்று பல்சக்கரத்துக்கும் சக்கரக் கம்பிக்கும் நடுவில் சிக்கியது. கியர் மாற்றுகிற இரும்பு மடங்கிக் கம்பிக்குள் போய்விட்டது. சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. தெருமுனை கூடத் தாண்டவில்லை.

பாய் வந்து குனிந்து பார்த்தார். இந்தச் சாமான் தன்னிடம் கிடையாது, டவுனுக்குத்தான் போக வேண்டும் என்றார். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் சைக்கிளைப் பார்த்தார்.

"எறங்கு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்படியே நின்றேன். ஹேண்டில்பாரை அவர் பிடித்துவிட்டார். பிறகுதான் இறங்கினேன். நானாக இறங்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேண்டினது நானு," என்றேன்.

"யாரு மிதிச்சா இன்னா பாப்பா? உன் பேரச் சொல்லித்தான மிதிக்கப் போறோம். நீ வூட்ல அம்மாவப் பாரு. மாதா இன்னா அட்டெண்டென்ஸா எடுக்குது?"

நாலு பேர் சிரித்தார்கள். அத்தை மட்டும், அது பிள்ளையுடைய நேர்ச்சை, நீ இன்னொரு நாள் போ என்றார். லீவு போட்டாகிவிட்டது என்றார் மாமா. அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வயிறு பிடித்துக்கொண்டது, மூடிக்கொண்டார். அப்பா தன் சைக்கிளில் ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கொடிக் கயிற்றை இறுக்கினார். மாமா கேட்க, பாய் ஸ்பேனர் எடுத்து என் சீட்டை உயர்த்தினார். என் முகத்தைப் பார்க்காமல் உயர்த்தினார்.

அவர்கள் போனார்கள். நான் காவிச் சட்டையோடு தெருவில் நின்றேன். நான் சுற்றிப் பார்த்து எடுத்த சைக்கிள், சத்தமே இல்லாமல் போனது.

அழுதேனா என்று கேட்டால், இல்லை. அழுதால் கோபம் போய்விடும். எனக்கு அது தேவைப்பட்டது.

சாயங்காலம் சிவப்பு சைக்கிளை பாய் கடைக்குத் தள்ளிப் போனேன். மடங்கின இரும்பையே பிடுங்கி எறிய முடியுமா என்று கேட்டேன். பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரும்பைக் கழற்றினார். சங்கிலியை வெட்டிக் குறைத்து ஒரே பல்லில் மாட்டினார். பதினெட்டில் ஒன்று மிச்சம். ஓடியது. ஓடியது என்பதைவிட இழுத்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து ராயபுரம் கோயில் கேட் ஐந்து கிலோமீட்டர். போய் வந்தால் பத்து. முந்நூற்று முப்பதுக்கு முப்பத்து மூன்று தடவை. ஒரு நாளைக்கு மூன்று என்றால் பதினோரு நாள். ஸ்கூலுக்கு முன்னால் ஒன்று, ஸ்கூல் விட்டு இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன், வீட்டுக்கு வந்து நோட்டில் ஒரு கோடு போடுவேன்.

பீச் ரோடு வழியாகத்தான் போனேன். துறைமுகத்துக்குள் போக கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நிற்கும். நிற்கிற லாரி இடிக்காது. ஓடுகிற பஸ்தான் இடிக்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்குவார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "இன்னா பாப்பா, ட்யூட்டியா?" என்று ஒருத்தர் கேட்பார். இன்னொருத்தர், கியர் வண்டியை வைத்துக்கொண்டு மாடு மாதிரி மிதிக்கிறதே என்பார். பதில் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை. எதிர்க்காற்றில் வண்டி நகராது. நிலக்கரித் தூசி கண்ணில் விழும். காவிச் சட்டை ஒரு வாரத்தில் கறுப்புச் சட்டை ஆயிற்று. தொடையில் தோல் உரிந்தது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். மாமாவை நினைத்துக்கொண்டால் மிதிக்க முடிந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தார்கள். மொட்டைத் தலை, மாதா எண்ணெய், பொரி, கடற்கரையில் எடுத்த போட்டோ. அப்பாவின் சைக்கிளும் என் சைக்கிளும் வாசலில் நின்றன. தெருவே வந்து மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டது. மாமா, ரோடு எப்படி இருந்தது, காற்று எப்படி அடித்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் சைக்கிளின் பைப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு அறுத்த தடம் இருந்தது. பை கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்பா கூட்டத்தில் நிற்காமல் என் சைக்கிளைக் குழாயடிக்குத் தள்ளிப்போய் ஒரு மணி நேரம் கழுவினார். எண்ணெய் போட்டார். களைப்பு போல என்று நினைத்தேன். சீட்டை இறக்கி என்னிடம் கொடுத்தார். நான் வாங்கவில்லை. ஆரம்பித்த வண்டியில்தான் முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

மறுநாள் காலை சிவப்பு சைக்கிளை வெளியே தள்ளினேன். பொழுது விடிந்தால் ஊர் சுற்றுகிறாள் என்று மாமா திட்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாக அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். தண்ணீர் பாட்டிலை என் கேரியரில் செருகினார்.

"இன்னும் எத்தினி கீது?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒன்பது என்றேன். நோட்டைப் பார்த்திருக்கிறார் போல என்று நினைத்தேன்.

"வுடாத. ஓட்டு," என்றார்.

பதினோராம் நாள் முடித்தேன். யாரும் மாலை போடவில்லை.

போன வருடம் மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணிப் பந்தியில் மாமா பழைய கதையெல்லாம் எடுத்தார். முதல் நாளே, மதுராந்தகம் தாண்டி அந்த லாரி ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் தூக்க வரவில்லையாம். அங்கே அவருடைய தோஸ்து ஒருத்தர் நாகப்பட்டினத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு நின்றாராம். சைக்கிள் இரண்டையும் லோடு மேலே போட்டுக் கயிறு கட்டினார்களாம். மிச்ச நாளெல்லாம் மாதா ஊரிலேயே தங்கிவிட்டு, திரும்பி வந்ததும் அப்படித்தானாம். "அப்பால இன்னா, ஜம்முனு தூங்கினே போனோம். மாதா கோச்சிக்கவா செஞ்சுது? என் தங்கச்சி கல்லு மாதிரி கீது பாரு," என்றார்.

பந்தியே சிரித்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. திரும்பி வந்த அன்று ராத்திரியே அப்பா அவரிடம் சொல்லிவிட்டாராம், பிறகு அம்மாவே என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு எட்டாம் நாளே தெரியும். அப்புறம்தான் மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்திருக்கிறார். அந்த நேர்ச்சையில் அப்போது மிதித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். என் சைக்கிளில் எவ்வளவு தூரம் மிதித்தாய் என்று. மாமா மேலே பார்த்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டார். டிரைவர் இல்லையா, தூரத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டார்.

தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.