புதுச் செயின்

மேட்டைக் கண்டால் இராமலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். பிரிக்பீல்ட்ஸில் அவரிடம் பால் வாங்கிய வீடுகள் பல வருடங்களாகப் பார்த்துவந்த வழக்கம் இது. பால்கேன்கள் காலியாக இருந்தாலும் சரி, சின்னப் பாலத்தின் ஏற்றமே ஆனாலும் சரி, தள்ளிக்கொண்டுதான் போவார்.

"என்னாண்ணே, மேடு உங்களுக்கு மாமனாரா? பாத்ததும் எறங்கி நிக்கிறீங்க" என்று ரயில்வே லயத்து வரிசைவீட்டு வாலிபர்கள் கேலி செய்வார்கள்.

"மரியாதை குடுத்தா நமக்கு ஒண்ணும் கொறைஞ்சு போவாது" என்பார். நிற்கமாட்டார்.

முன்பு அப்படி இல்லை. பங்சார் மேட்டில், ரப்பர்க்காட்டு ஓரத்தில் அவருக்கு வீடும் மாட்டுக்கொட்டகையும் இருந்தன. தவிட்டு மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டி, எழுந்து நின்று மிதித்தே அந்த மேட்டை ஏறியவர். அந்த மிதியில்தான் பின்சக்கரத்துப் பற்கள் தேய்ந்தன. செயினும் நீண்டு தொங்கியது.

அவர் மனைவி மாரியாயி நிறைமாதமாக இருந்த வருடம் அது. கல்யாணமாகி நெடுநாள் கழித்துத் தங்கிய முதல் கரு. ஆயுத பூசைக்கு முதல் நாள் சைக்கிளை விஜயனின் கடைக்குக் கொண்டுபோனார்.

விஜயன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். "பல்லுச்சக்கரம் தேஞ்சுபோச்சுண்ணே. புதுசு எங்கிட்ட இப்ப இல்ல, பூச முடிஞ்சுதான் வரும். அது வர்ற வரைக்கும் பழைய செயினே ஓடட்டும். ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சதுங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவும். புதுச் செயினு இந்தப் பல்லுல உக்காராது."

"பூசைக்கு வண்டில புதுசா ஒண்ணு இருக்கணும்லா. செயினையாவது மாட்டு."

"எங்கம்மாவுக்கு மேல பிடிவாதம் உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே விஜயன் மாட்டினான். பழையது பூசை வீட்டில் கிடக்கக் கூடாது என்று, வந்த பழைய இரும்புக்காரனிடம் இராமலிங்கமே அந்தச் செயினைத் தூக்கிக் கொடுத்தார்.

பூசையன்று முற்பகல், சந்தனப் பொட்டும் பூவுமாகச் சைக்கிள் வாசலில் நின்றபோது மாரியாயிக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தாள். "இது சரியில்ல மாமா. நர்ஸம்மாவக் கூட்டியாங்க."

மழையில் இறக்கத்தில் பறந்தார். யாழ்ப்பாணத்து நர்ஸ் மார்க்கிரட் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். கனத்த உடம்பு, முழங்காலில் வாதம். மழைக்கு ரிக்‌ஷா ஒன்றுகூடத் தெருவில் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

சமதரையிலேயே தொடங்கியது. அழுத்தி மிதித்ததும் 'கடக்' என்று செயின் பல்லைத் தாண்டியது. மிதிகட்டை வெறுமையில் விழுந்தது. மறுபடி மிதித்தார். மறுபடியும் 'கடக்'.

"நான் என்ன அவ்வளவு பாரமே, தம்பி?" என்றார் நர்ஸ். இராமலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியில் விஜயன் கடைக்குத் திருப்பினார். அங்கே ஸ்பேனர்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பூசையில் இருந்தன. மறுநாள்வரை அவற்றைத் தொடக்கூடாது. விஷயத்தைக் கேட்டதும் விஜயன் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு ஸ்பேனரை எடுத்தான். பின்சக்கரத்தை இழுத்துவைத்துச் செயினை இறுக்கினான். "இறுக்கிட்டேன். ஆனா பல்லு முளைக்காதுண்ணே." இரவல் கொடுக்கவும் வழியில்லை. கடையில் இருந்த மற்ற சைக்கிள்கள் சக்கரம் கழன்று கிடந்தன.

அவன் சொன்னபடியே ஆனது. மேட்டின் அடியில் எழுந்து நின்று மிதித்தார். செயின் துள்ள, சைக்கிள் சரிந்தது. நர்ஸ் காலை ஊன்றித் தப்பினார்.

"உந்தச் சைக்கிளை நம்பினால் ரெண்டு பேரும் விழுவம். நடப்பம், தம்பி."

நர்ஸின் நடைக்கு மேல் அவரால் வேகமாகப் போகமுடியாது. தனியாக ஓடிப்போயும் பயனில்லை. பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் நர்ஸின் முழங்கையையும் பிடித்துக்கொண்டு ஏறினார். புதுச் செயின் மழையில் பளபளவென்று சுற்றியது. அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்: "முருகா, ரெண்டு உசிரையும் குடு. வர்ற தைப்பூசத்துக்குப் பால்காவடி எடுத்துப் பத்துமலை ஏறுறேன்."

மாரியாயி பிழைத்தாள். பெண் குழந்தை, அழவே இல்லை.

கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸிடம் கேட்டார். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா?"

"அதைக் கேளாதேயும், தம்பி. எனக்கும் தெரியாது."

பூசை முடிந்து புதுப் பல்சக்கரம் வந்தது. பிறகு செயின் ஒருநாளும் துள்ளவில்லை. அவர்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

தைப்பூசம் வந்தது; அவர் காவடி எடுக்கவில்லை, பின்வந்த வருடங்களிலும் இல்லை. காவடிக்காரர்கள் பாலுக்கு அவரிடம்தான் வருவார்கள். அவர்களுக்கென்று முதல் கறவையைத் தனியாக எடுத்துவைப்பார். பத்துமலை ரயிலில் கூட்டம் ஏறிப்போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"கேட்டதுல பாதி குடுத்தாருல்ல. நான் இருக்கேன்ல. அதுக்காவது போய்ட்டு வாங்க" என்பாள் மாரியாயி.

"பாதிக் காவடின்னு ஒண்ணு இருக்கா, புள்ள?"

வருடாவருடம் இதே பேச்சுத்தான். முருகன்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடம் கார்த்திகை மாதம் காய்ச்சலில் இராமலிங்கம் இறந்தார். தை பிறந்ததும் மாரியாயி கோயில் குருக்களிடம் கேட்டாள். புருஷன் நேர்ந்ததைப் பெண்சாதி செலுத்தலாம், தோஷமில்லை என்றார் அவர். பூசத்தன்று காலையில் குளித்து, குடத்தில் பாலும் நிரப்பிவிட்டாள்.

சீதாலெட்சுமி கூப்பிட வந்தபோது மாரியாயி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போகல புள்ள. நான் பொழைச்சதே போதும்னு நானே எடுத்துட்டா, அந்தக் குழந்தைய வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

இராமலிங்கம் நேர்ந்த காவடி இன்னும் அப்படியே நிற்கிறது.