மூட்டுவலி இல்லாத இடம்

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவனுக்குப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் தோணியில் நின்று கயிறு பிடிப்பான். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கைவிட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அப்படித்தான் உலகச் சண்டை நடந்த அந்த வருஷங்களில் என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு நான் கயிறு பிடித்தேன்.

மாப்பிள்ளைக்கு நாற்பது வயதுக்குள்ளேயே இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. காலையில் சுவரைப் பிடித்து எழுவதற்குள் வீட்டிலிருக்கும் எல்லோரையும் வைது தீர்த்துவிடுவார். முங்குவதற்குக் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கினால் மட்டும் நோவு தெரியாது. தண்ணீர் உடம்பைத் தாங்குகிறது, அதனால்தான் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கீழ யாரோ காலைப் பிடிச்சு விடுதாக மச்சான். மேல வரவே மனசு வரல."

நான் சிரித்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. "கரையிலயே வலி இல்லாமப் பண்ணிட்டா, அவுக ஏன் அங்கன தங்கப் போறாக?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கும் கடலுக்கும் போட்டி.

முடக்கத்தான் கீரையை அரைத்து மாவில் கலந்து தோசை சுட்டாள். படுக்கப் போகும்போது பூண்டு வேகவைத்த பால். வாழைக்காய், மொச்சை, கிழங்கு எதுவும் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது. புளியையும் நிறுத்திவிட்டாள், புளி இல்லாத மீன்குழம்பைத் தின்ற பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் வாங்கிய சுறா எண்ணெய் தினம் ஒரு கரண்டி. அதை விழுங்கும்போது மாப்பிள்ளை முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே நேரத்துக்குப் போய்விடுவேன். சாயங்காலம் நொச்சி இலை போட்ட வெந்நீர், வறுத்த உப்பை மூட்டை கட்டி ஒத்தடம். காலையில் எழும் முன் பாயில் படுத்தபடியே காலை இருபது தடவை மடக்கி நீட்ட வேண்டும்.

எனக்கும் இரண்டு உத்தரவு. கயிறு அவர் கையில் இருந்தால் போதாது, இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். அவர் இறங்கியதும் நான் மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லி எண்ண வேண்டும். ஐந்து மந்திரம் முடிந்ததும் அவர் கயிற்றைச் சுண்டினாலும் சுண்டாவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். "மறந்துராத அண்ணே" என்று தினமும் வாசலில் நின்று சொல்வாள். நான் இழுத்து மேலே கொண்டுவரும்போதெல்லாம் அவர் என்னை முறைப்பார்.

மூன்று மாதத்தில் பத்தியம் பலித்தது. ஒருநாள் காலை மாப்பிள்ளை எதையும் பிடிக்காமல் எழுந்து, கடற்கரை மணலில் என்னை முந்திக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், அவர் இறங்கிய பிறகு, பக்கத்துக் கயிற்றுக்காரனிடம் அவர் நடந்த நடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எண்ணவில்லை.

கயிறு வெகுநேரமாக அசையவில்லை என்பது திடீரென்று உறைத்தது. இழுத்தேன். வரவில்லை. பாறையில் மாட்டிய கயிறு விறைத்து நிற்கும். இது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, பிறகு மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்களைக் கூவி அழைத்தேன். மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம்.

மூக்கில் ரத்தத்தோடு வந்தார். நல்ல தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் முகம். மூச்சு திரும்பியதும், "என்னத்துக்கு இழுத்த மச்சான்? இப்பந்தான இடது காலுக்கு வந்தாக" என்றார். முட்டிகளில் வீக்கமே இல்லை. ஒவ்வொன்றின் மேலும் விரல் அகலத்தில் நாலைந்து வெள்ளைத் தடங்கள். கயிறு அழுத்தியிருக்கும் என்றார்கள் தோணியில். கயிறு இடுப்பில்தான் இருந்தது.

அதன்பின் அவரைக் கடலுக்கு விடவில்லை. அன்று சாயங்காலமே வீக்கம் திரும்பிவிட்டது. இருபது வருஷம் உயிரோடு இருந்தார், பத்தியமும் இருபது வருஷம் நடந்தது. நோவு சில நாள் தணியும், சில நாள் கூடும், முழுசாகப் போனதேயில்லை. கூடிய நாட்களில் யாரையும் வைவதை விட்டுவிட்டார். என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் எண்ண மறந்ததைத் தங்கச்சியிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவ்வளவு கோழை நான்.

அவருடைய கடைசி நாள் மத்தியானம், கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தேன். அடுப்படியில் தங்கச்சி ஒத்தடத்துக்கு உப்பு வறுக்கும் சத்தம் கேட்டது. முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, கடலடி மணல் போலச் சில்லென்றிருந்தது. என் வாய் தானாகவே மந்திரத்தை எண்ணத் தொடங்கியது. ஐந்தாவது முடியும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"இப்பமாவது இழுக்காத மச்சான்."

தங்கச்சி உப்பு மூட்டையோடு உள்ளே வந்தபோது நான் கையை விட்டிருந்தேன்.