ஹாஜரா மிஸ்ஸும் இருபத்துமூன்றாம் எண் சாக்கும்

சனிக்கிழமை காலை, வத்தேகமவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. ஹாஜரா மிஸ்ஸின் அண்ணன். கட்டுகஸ்தோட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் இரண்டு தடவைதான் என்னோடு பேசியிருப்பார். "ஞானம், தங்கச்சி மவுத்தாகிட்டா. சுபஹு தொழுகைக்கு எழும்பினா, நெஞ்சு வலிக்கிது எண்டா, அவ்வளவுதான். லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். ஒங்கட ஆக்களுக்கும் சொல்லிடுங்க" என்றார்.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். மிஸ்ஸின் மேசை லாச்சியில் கையெழுத்தில்லாமல் கிடந்த அறிக்கைதான் நினைவுக்கு வந்தது. அவர் இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். இருபது வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் சாவுக்கு இப்படியா ஒரு மனுஷன் பயப்படுவான் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். மிஸ் கேட்டிருக்க மாட்டார். பயப்படுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

அவரோடு ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரை அறியாத யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹாஜரா மிஸ் உணவு இரசாயனவியலாளர். நான் வெளிக்கள உத்தியோகத்தர். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி நான் மாதிரி எடுத்து வருவேன், அதில் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பார்.

அவரைப் 'பயந்தாங்கொள்ளி மிஸ்' என்று கூப்பிடாதவர் நம்மில் யார்? முகத்துக்கு நேரேயே கூப்பிட்டோம், சிரித்துக்கொள்வார். தேநீர் நேரத்தில் கச்சான் கடலைச் சுருள் வந்தால் ஒவ்வொரு பருப்பையும் இரண்டாகப் பிளந்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். நாங்கள் இரண்டாவது சுருளைப் பிரிக்கும்போது அவர் நாலாவது பருப்பில் நிற்பார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், மிஸ்" என்று ஒருநாள் சொன்னேன். "பேயெண்டா கண்ணுக்காவது தெரியுமே ஞானம். இது தெரியாது. அவிச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது" என்றார். பூஞ்சணம் பிடித்த பருப்பிலும் காயிலும் ஊறுகிற நஞ்சைத்தான் சொன்னார். நாக்குக்கு அதன் ருசி தெரியாது. வருடக்கணக்கில் இருந்து ஈரலைக் கெடுக்கும். அன்றைக்கு நானும் என் கையிலிருந்த கச்சானைப் பிளந்து பார்த்தேன். அதன்பிறகு கச்சான் தின்பதில் எனக்குப் பாதிச் சந்தோஷம்தான்.

நம் சாதிக்காய்த் திட்டம் எப்படிக் கிடைத்தது என்பது உங்களில் புதியவர்களுக்குத் தெரியாது. மூன்று முறை அரசாங்க ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தார், மூன்று முறையும் திரும்பி வந்தது. நாலாவது முறை கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். குழுவில் ஒருவர், இந்த ஆராய்ச்சியால் ஏற்றுமதி கூடுமா என்று கேட்டார். மிஸ் சிங்களத்தில் பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஏற்றுமதியாகிற காயை வாங்குகிறவன் பரிசோதிப்பான். கெட்டது என்றால் திருப்பி அனுப்புவான். திரும்பி வருகிற காய் எங்கே போகிறது? நம் சந்தைக்கு. அதை யார் பரிசோதிப்பது? அதற்குத்தான் பொதுப்பணம் கேட்கிறேன்." வெளியே வந்து, "கூடக் கதச்சிட்டேனோ?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். பணம் கிடைத்தது.

திட்டம் எளிமையானது. வத்தேகமப் பக்கத்து மேட்டு வீடுகளில் இரண்டு மரம், மூன்று மரம் என்று சாதிக்காய் நிற்கும். வியாபாரி எல்லார் காயையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவார். அப்புறம் எந்தக் காய் எந்த வீட்டுக்காய் என்று கடவுளுக்கும் தெரியாது. நாங்கள் வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண் காயோடு கடைவரை போகும்படி செய்ய வேண்டும். ஒரு சாக்கில் நஞ்சு இருந்தால் நேரே அந்த வீட்டுக்குப் போய்க் காய வைக்கிற முறையைத் திருத்தலாம். எண் அட்டையைக் காயோடு போட்டால் தொலைந்துவிடும் என்று, கோணி ஊசியால் சாக்கிலேயே தைத்துவிடுவோம் என்றேன். என் யோசனைதான். அதற்காகக் கைகூடத் தட்டினீர்கள்.

சென்ற மழைக்காலத்தில் இருபத்துமூன்றாம் எண் சாக்கில் நஞ்சு இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை. முடிவைப் பார்த்த மிஸ் கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே இரண்டாம் முறை செய்தார், மூன்றாம் முறையும் செய்தார். விதிப்படி வியாபாரிக்கு அறிவித்தோம், சாக்கை எரித்தோம். இருபத்துமூன்று என்றால் ராசம்மா. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்து, ஓரத்தில் சின்னக் காணி வாங்கி வீடு கட்டியவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வியாபாரி அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஊருக்கும் தெரிந்துவிட்டது.

"நஞ்சு விக்கிறவன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்களே தம்பி" என்று ராசம்மா என்னைப் பார்த்து அழுதார். அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து காயை அள்ளி எங்கள் முன் கொட்டினார். "குலுக்கிப் பாருங்க. நல்லா காஞ்சிருக்கா இல்லியா?" குலுக்கினோம். ஓட்டுக்குள்ளே பருப்புக் கடகடவென்று ஆடியது. அந்த வீட்டில் ஈரமே இல்லை. மிஸ் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, ஒங்கட சாக்க வேற யாருக்கும் குடுத்தீங்களா?" ராசம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது என்னா கேள்வி? சாக்கு கேட்டா இல்லேன்னு சொல்வாங்களா? எடுப்பாங்க, வைப்பாங்க. எந்த வூட்டு சாக்கு எந்த வூட்டுல இருக்குன்னு யாரு பாத்தா?"

சாக்கு வீடு மாறினால் அதில் தைத்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? நான் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். என் அம்மா வீட்டுச் சாக்கில் அடுத்த வீட்டு விறகு வரும், அடுத்த வீட்டுச் சாக்கை மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போவேன். உப்பை எண்ணிக் கொடுத்தாலும் சாக்கை எண்ணிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வேறு எவன் சாக்கில் எண்ணைத் தைத்திருந்தாலும் மன்னிக்கலாம், நான் தைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அன்றைக்கே மற்ற வீடுகளிலும் பார்த்தோம். ஏழாம் எண் சாக்கு பதினாறாம் எண் வீட்டில் தவிட்டோடு இருந்தது. நாலாம் எண் சாக்கு கோழிக் கூட்டுக்கு மேல் கிடந்தது. எல்லாச் சாக்கும் ஒரே முச்சக்கரவண்டியில் போவதால் வியாபாரிக்கும் ஆள் தெரியாது. யாருடைய காய் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராசம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் எப்படித் திறப்பார்கள்?

திரும்பும் நேரத்தில்தான் அது நடந்தது. ராசம்மாவின் மகள் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்று வலிக்கென்று கல்லில் சாதிக்காய் உரைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் நின்றுவிட்டார். "இது ஒங்கட மரத்துக் காயா?" என்று கேட்டார். "இல்லீங்க, பக்கத்துல குடுத்தாங்க" என்றாள் அந்தப் பெண். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அவளுக்கு நினைவில்லை. ஹாஜரா மிஸ் குனிந்து, அந்தக் கல்லை எடுத்து வாசலில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ராசம்மா வீட்டுக் காயையே உரைத்துக் கொடுக்கச் சொன்னார். கல்லில் உரைத்த காயின் மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து பரிசோதித்தார். அதில் ஒன்றுமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் சொன்னேன். அவர் கோபமாகத் திரும்பினார். எனக்குத் தெரிய அந்த ஒருதரம்தான். "ஒரு காய் ஒண்டும் சொல்லாது ஞானம். நாங்க எரிச்சது ஒரு சாக்க. அந்தக் காய் காஞ்ச பரண் இன்னும் அங்கதான் ஈக்கி."

பிறகு மூன்று முறை அந்த மேட்டுக்குப் போனார். ராசம்மாவின் பரணில் இருந்த காயையும் அள்ளி வந்து பரிசோதித்தார், அதில் நஞ்சில்லை. வியாபாரியிடமும் போனார். "மேடம், ஒங்க பேப்பர்லதான் அந்தப் பேரு வந்திச்சி. இல்லேன்னு ஒங்க பேப்பர்லயே வரட்டும், வாங்குறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுத்தான்.

அந்தப் பேப்பர்தான் லாச்சியில் கிடந்த அறிக்கை. எல்லாச் சாக்கும் உரிய வீட்டோடு சரியாக இணைக்கப்பட்டன என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால் அடுத்த கட்ட நிதி வரும். இல்லாவிட்டால் மாத முடிவோடு திட்டம் மூடப்படும், பதினொரு பேருக்கு வேலை இல்லை. சாக்கு விஷயம் ஒரு நடைமுறைக் குறைதான், அடுத்த கட்டத்தில் திருத்திக்கொள்வோம், அறிக்கையில் வேண்டாம் என்றார் பணிப்பாளர். அவர் கெட்டவர் இல்லை, நம் எல்லார் சம்பளமும் அவர் தலையில். புதன்கிழமை நானும் மிஸ்ஸிடம் போய் நின்றேன். "மிஸ், போட்டுடுங்க. என் மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. தப்பு பண்ணது நான்தான், ஆனா எழுத வேணாம்" என்று கெஞ்சினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். "எனக்கும் பயமா ஈக்கி ஞானம். ஒங்கள எல்லாரையும் தெருவுல விட்டுடுவேனோ எண்டு ராவுல தூக்கம் வாறல்ல. ஆனா அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருந்த புள்ளயையும் யோசிங்க. எந்தப் பயத்துக்குப் பெரிய இடம் குடுக்கிற எண்டு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். என் கெஞ்சல்தான் அவர் நெஞ்சை நெரித்ததோ என்று நினைத்து நினைத்து எனக்கு இப்போது சோறு இறங்குவதில்லை.

ஜனாஸாவுக்குக் கூடிய ஆண்களோடு வெளியே நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ராசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். அந்த முக்காட்டை யாரோ கொடுத்திருக்க வேண்டும். "மொகத்தப் பாத்துட்டேன் தம்பி. தூங்குற மாதிரி இருக்கு. எங்கிட்ட வந்து மாப்பு கேட்ட மொதோ ஆபிசர் அந்தம்மாதான்" என்றார். வியாபாரி வாங்குகிறாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "இப்ப அந்தம்மாவும் இல்ல. இனி யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

இன்று காலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். உறுதிமொழிப் பக்கத்தை வெட்டிவிட்டு, சாக்கில் எண்ணைத் தைத்தது என் தவறு என்றும், எந்தச் சாக்கில் இருந்தது எந்த வீட்டுக் காய் என்று எங்களால் சொல்ல முடியாது என்றும், இருபத்துமூன்றாம் வீட்டுக் காயில் குற்றமில்லை என்றும் என் கையாலேயே எழுதினேன். பணிப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். ஒரு பிரதியை வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மாதம் உங்களில் பலருக்கு நான் முகம் கொடுக்க முடியாமல் போகலாம். திட்டுங்கள், அதற்கு நான் ஆள்தான். ஆனால் எனக்கும் சம்பளம் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

மிஸ்ஸின் பொருட்களை அவருடைய அண்ணன் வந்து எடுத்துப் போய்விட்டார். நான் எதையும் கேட்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை மட்டும்தான். அது என்னை வீட்டில் இருக்க விடுவதாயில்லை. அந்த மேட்டில் இருபத்தெட்டு வீடுகள். ஏதோ ஒரு வீட்டுப் பரணில் அந்தக் காய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். யாருடைய காய் என்று கேட்கப் போவதில்லை. வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் கூட வாருங்கள்.