வளருகிற பிள்ளைக்கு வேட்டைப் பை

இன்று லொங்குய் நகரக் கடையொன்றில் என் மானம் போனது.

பேத்தி முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகிறாள். இறைச்சியைச் சுமந்து வர முதுகுப் பை என் பரிசு. நான்தான் தெரிவு செய்வேன் என்று அடம்பிடித்து, இருந்ததிலேயே பெரியதைக் காட்டினேன்.

"அம்மம்மா, அது எனக்குப் பெரிசு."

"வளருற பிள்ளைக்குப் பெரிசாத்தான் வாங்கவேணும்."

"எனக்கு இருபத்தேழு வயசு!"

கடைக்காரப் பெண் பேத்தியின் பிடரியிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தாள். சின்னதுதான் சரியாம். ஆளின் உயரம் கணக்கில்லை, முதுகின் நீளம்தானாம்.

நான் விடவில்லை. மாட்டிப் பார்ப்பதற்காகக் கடையில் பாரம் வைத்திருந்த பெரிய பையை நானே மாட்டிக் காட்டினேன். அது என்னைப் பின்னுக்கு இழுத்து, அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருத்தியது. எழும்ப முடியவில்லை.

"மான் கிடைக்காட்டி உங்களை இதுக்குள்ள வைச்சுக் கொண்டு வாறன்," என்றாள் பேத்தி.

சின்னதையே வாங்கினோம். நான் வாங்கிக் கொடுத்ததில் அவளுக்கு அளவாக இருந்த முதல் சாமான் இதுதான்.

உங்கள் வீட்டிலும் அம்மம்மா வாங்கிய சட்டைகள் இன்னும் பெரிசாகத்தான் கிடக்கின்றனவோ?