சனிக்கிழமைக் கடிதக்கட்டு

1884 செப்டம்பர் 6 — சொந்தக் கடிதம் 8 — 16 காசு
செப்டம்பர் 13 — சொந்தக் கடிதம் 1, எடை கூடுதல் — 6 காசு
செப்டம்பர் 20 — சொந்தக் கடிதம் 10 — 20 காசு
செப்டம்பர் 27 — சொந்தக் கடிதம் 4 — 8 காசு
அதே நாள் — சொந்தக் கடிதம் 1, அவசரத் தபால் — 8 காசு
ஆக மொத்தம் — 58 காசு

எங்கள் கல்லூரியை நிறுவிய போதகரின் தபால் செலவுப் பதிவேட்டில் ஒரு மாதத்துச் சொந்தக் கடிதக் கணக்கு இது. எழுதியவர் அவருடைய நகல் எழுத்தர். போதகரின் கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்கித் தரும்படி கல்லூரியில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அலுவல் கடிதங்கள் முப்பத்தொரு தொகுதி, சொந்தக் கடிதங்கள் நான்கு பெட்டி. போதகரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எழுத்தரைப் பற்றி எழுத, பதினேழு வருடம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து கல்லூரிப் பதிவேடுகளை எழுதியவன் என்ற முறையில் நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன்.

அவர் பிறந்தது 1838. தகப்பனார் தச்சர். போதகர் முதன்முதலில் ஒரு தானியக் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது சேர்ந்த பன்னிரண்டு பேரில் இவர் ஒருவர். படிப்பில் நடுத்தரம், கையெழுத்தில் முதல். 1862இல் நகல் எழுத்தராக வேலைக்கு வந்தார். 1895இல் ஓய்வு. 1899 பிப்ரவரியில் காலமானார். வேலை நேரத்தில் இடது கைக்குக் கறுப்புத் துணியில் ஓர் உறை மாட்டிக்கொள்வார். பேனா முனையை அதில்தான் துடைப்பார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவார். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம்.

போதகரின் கையெழுத்து சுத்தமான கோழிக் கிறுக்கல். அவர் கிறுக்கியதை எழுத்தர் நல்ல தாளில் எழுதுவார். போதகர் கையொப்பம் மட்டும் போடுவார். அலுவல் கடிதமானால் எழுத்தர் அதை ஈரத்தாளோடு இரும்பு அழுத்தியில் வைத்துத் திருகி ஒரு நகல் எடுத்துக்கொள்வார். சொந்தக் கடிதத்துக்கு நகல் கிடையாது. கிறுக்கல் தாளை மட்டும் பெட்டியில் போட்டுவைப்பார்.

போதகரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் எழுத்தர் எண் போட வேண்டும். அலுவல் கடிதங்களைச் சிவப்பு நூலால் கட்டுவார். அவற்றுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பதில். சொந்தக் கடிதங்களுக்கு நீல நூல். அவற்றுக்குச் சனிக்கிழமை காலை மட்டும். இரண்டிலும் வந்த வரிசைப்படிதான் பதில் போகும். இவருக்கு முன்னால் இருந்த எழுத்தர் தன் மைத்துனனின் வேலை விண்ணப்பத்தை அடியிலிருந்து உருவி மேலே வைத்தார் என்று அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் போதகர். அந்தக் காலியிடத்துக்குத்தான் இவர் வந்தார். 1884 வரை இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட இவர் இடம் மாற்றியதில்லை. போதகர் ஆண்டு விழா மேடையிலேயே அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் இவருக்கு 'வரிசையார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"சொர்க்கத்து வாசல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், எனக்கு முன்னாடி வந்தவங்க போகட்டும்னு ஓரமா நிப்பாரு நம்ம வரிசையார்" என்பார் கணக்கு ஆசிரியர். இவரும் சிரித்துக்கொள்வார்.

இவருக்கு ஒரே மகள். வயது பத்தொன்பது. கல்லூரி அச்சுக்கூடத்தில் தாள் மடித்துத் தைக்கிற வேலை பார்த்தாள். அந்த வருடம் ஜூலையில் மரப்படியில் கால் தவறி முழங்காலுக்குக் கீழே அடிபட்டது. முதலில் கன்றிப்போனது, பிறகு வீங்கியது, ஆகஸ்டு கடைசியில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. செப்டம்பர் 3, புதன்கிழமை, உள்ளூர் வைத்தியர் வந்து பார்த்தார்.

"எலும்புக்குள்ள சீழ் வச்சிருக்கு. திறந்துதான் எடுக்கணும். எனக்கு அந்த வேலை தெரியாது. தலைநகர்ப் பெரிய ஆஸ்பத்திரியில செய்வாங்க. மாசம் முடியறதுக்குள்ள கொண்டுபோயிடுங்க" என்றார்.

"அங்க சும்மா போனா சேர்த்துக்குவாங்களா?" என்று எழுத்தரின் மனைவி கேட்டார்.

"பெரிய மனுஷங்க யாராவது சிபாரிசுக் கடுதாசி குடுக்கணும். உங்களுக்கென்னம்மா கவலை? போதகர் ரெண்டு வரி எழுதினா முடிஞ்சுது."

போதகர் கட்டட நிதி திரட்ட நான்கு மாதம் வெளியூர் போய்விட்டு அந்தத் திங்கட்கிழமைதான் திரும்பியிருந்தார். அவருக்காகக் காத்திருந்தவை அலுவல் கடிதம் 164, சொந்தக் கடிதம் 23. வியாழக்கிழமை காலையில் எழுத்தர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். முழுத்தாளில், ஓரம் விட்டு, அழகாக எழுதியிருந்தார். பதிவேட்டைத் திறந்து அதற்கு எண் போட்டார். பிறகு நீல நூலை அவிழ்த்து எல்லாவற்றுக்கும் அடியில் அதை வைத்துக் கட்டினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? ஆஸ்பத்திரி விஷயம், உள்ள போய் நேராக் குடுங்க" என்றேன்.

"கடுதாசின்னா வரிசையிலதான் போகும், தம்பி."

"சரி, சிவப்புக் கட்டுலயாவது வைங்க. அதுக்குத் தினமும் பதில் போகுது. ஆஸ்பத்திரிக்கு எழுதறது அலுவல்தானே?"

"என் பொண்ணு என்ன காலேஜா? என் சொந்த விஷயம். சொந்தம்னா நீலம்."

"அப்ப நான் சொல்றேன் ஐயாகிட்ட."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, மைத்துனனுக்காக ஒருத்தரு இந்த நாற்காலியை விட்டுட்டுப் போனாரு. பொண்ணுக்காக நான் போனா இருக்கற வீடும் போயிடும். வீடு காலேஜோடது. நீங்க சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். மூன்று சனிக்கிழமைதானே, மாதம் முடிவதற்குள் வந்துவிடும் என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

ஆறாம் தேதி போதகர் எட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். அன்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை. மகள் ஜன்னல் ஓரத்தில் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்துக்கொண்டு, தைக்க வேண்டிய தாள்களை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேரு?"

"பதினஞ்சு."

"யாரு அடுத்தது?"

"ஐயாவோட தம்பி. அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"சொல்லிட்டீங்களே!" என்று சிரித்தாள். "சித்தப்பா, பாத்தீங்களா? இருபத்திரெண்டு வருஷத்துல அப்பா பண்ணின முதல் தப்பு."

என்னை அவள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

போதகருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தகப்பனாரின் வீட்டை விற்றதில் வந்த மனத்தாங்கல். அந்தத் தம்பி முதன்முறையாக எழுதியிருந்தார். பதின்மூன்றாம் தேதி காலை போதகர் அதைக் கையில் எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகக் கிறுக்கிக் கொடுக்க, எழுத்தர் வெளியே உட்கார்ந்து நல்லெழுத்தில் எழுதினார். எழுதியதைப் படித்துவிட்டுப் போதகர் கிழித்துப்போடுவார். மறுபடி வேறு தாள் வரும். இப்படிப் பதினான்கு பக்கம். அந்தக் கிறுக்கல் தாள்கள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. ஒருவரை மன்னிப்பது பற்றி அதைவிட நல்ல கடிதத்தை நான் படித்ததில்லை.

ஒன்பதாம் பக்கம் நடக்கும்போது எழுத்தரின் மனைவி வந்துவிட்டார். மாவுக் கையைக்கூடத் துடைக்காமல் வந்திருந்தார்.

"ஏங்க, பிள்ளை காலைல இருந்து அனத்துது. நான் உள்ள போய் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்."

எழுத்தர் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றார். "உள்ள எழுதிட்டிருக்காரு. சனிக்கிழமை யாரையும் பார்க்க மாட்டாரு, உனக்குத் தெரியும்ல?"

"ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதற கைக்கு, வீட்டுக்கு ஒண்ணு எழுத வரலையா?"

"எழுதியாச்சு. வரிசையில இருக்கு."

"பெத்த பொண்ணுங்க! வரிசையில நிக்க வைக்கறதுக்கு அது என்ன தபாலா?"

"மெதுவாப் பேசு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போனார். கதவு விளிம்பில் மாவு ஒட்டியிருந்ததை எழுத்தர் கறுப்பு உறையால் துடைத்துவிட்டுப் பத்தாம் பக்கத்தைத் தொடர்ந்தார்.

நடுவில் ஒரு வாரம் வீக்கம் வடிந்தது. காய்ச்சலும் விட்டது. வைத்தியரே, "பரவாயில்லையே, தேறுறா" என்றார். இருபதாம் தேதி பத்துக் கடிதங்களுக்குப் பதில் போனது. எழுத்தர் அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது கைவிரலில் எண்ணிக் காட்டினார்: "இன்னும் நாலே நாலுதான், தம்பி." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் திரும்பியது. இந்த முறை நடுக்கத்தோடு.

இருபத்தேழாம் தேதி காலை போதகர் நான்கு கடிதங்களை முடித்தார். ஐந்தாவதாக விண்ணப்பத்தை எடுத்தார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இது உன் எழுத்துல்ல?"

"ஆமாங்க ஐயா."

காகிதம் சரசரத்தது. பிறகு, "தேதி நாலுன்னு போட்டிருக்கே" என்றார்.

"ஆமாங்க."

"இருபத்திமூணு நாளா இந்த மேசை மேல இருக்கா? தினமும் என் எதிர்ல வந்து நிக்கறியே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வரிசையில இருந்துச்சுங்க ஐயா."

போதகர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. பதிலை அவரே தம் கையால் எழுதினார். மூன்றே வரி. ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவருக்கு அது புரியுமோ என்னவோ என்று எழுத்தர் கவலைப்பட்டார். நகல் எழுதித் தரட்டுமா என்றுகூடக் கேட்டார். போதகர் தாளை மடித்து உறையில் போட்டார். தொப்பிகூடப் போடாமல், தாமே தபால் நிலையத்துக்கு நடந்து போய் அவசரத் தபாலில் போட்டுவிட்டு வந்தார். பதிவேட்டில் எட்டுக் காசு என்று இருப்பது அதுதான்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ரயிலேற்றிவிடலாம் என்று போதகர் சொன்னார். வைத்தியர் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையசைத்தார். இந்தக் காய்ச்சலில் பாதி வழி தாங்க மாட்டாள், சூடு இறங்கட்டும் என்றார். இறங்கவில்லை. திங்கட்கிழமை மாலை நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது.

"சித்தப்பா, என் நம்பர் வந்துருச்சாம்" என்றாள்.

அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்தில் இறந்துபோனாள்.

போதகர் உடனே வந்தார். வாசலில் எழுத்தரின் மனைவி நின்றிருந்தார். அழவில்லை.

"வாங்கய்யா. இன்னைக்குப் புதன்கிழமைதானே, வர முடிஞ்சுதா?" என்றார்.

போதகர் தலை குனிந்தபடி நின்றார். எழுத்தர் பதறிப்போய், "ஐயா, அவ ஏதோ துக்கத்துல..." என்று முன்னால் வந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அந்தப் பதற்றம். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் சொல்லும்போது போதகருக்கு இரண்டு தடவை குரல் நின்றுவிட்டது. எத்தனையோ மேடைகளில் மணிக்கணக்கில் பேசியவர். அந்த வாரத்துக்குப் பிறகு சிவப்பு, நீலம் என்ற பிரிவே இல்லை. வருகிற கடிதங்களை அவரே உடைத்துப் பார்த்தார். இதைப் பற்றி அவர் யாருக்கும் எழுதியதாகத் தெரியவில்லை. நான்கு பெட்டியிலும் தேடிவிட்டேன்.

இந்த மாற்றம் வருவதற்கு முன், கடைசியாக ஒரு நாள் எழுத்தர் தபாலை உடைத்தார். புதைத்த மூன்றாம் நாள், வழக்கமான நேரத்துக்கு வந்து உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு நான் பார்த்துக்கறேன், அண்ணே. வீட்டுக்குப் போங்க."

"வீட்ல அவ என்கூடப் பேசறதில்ல, தம்பி. இங்க இருந்துக்கறேன்."

பதினோரு கடிதங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றாக உடைத்து எண் போட்டுக்கொண்டு வந்தார். ஏழாவதைப் பிரித்தவர் நெடுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பேனாவை மையில் தொட்டார், துடைத்தார், மறுபடி தொட்டார். கடைசியில் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"இந்த ஒரு வரியை நீங்க எழுதுங்க, தம்பி."

முப்பத்து மூன்று வருடப் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் இல்லாத வரி அது ஒன்றுதான். அனுப்பியவர்: தலைநகர்ப் பெரிய ஆஸ்பத்திரி, தலைமை மருத்துவர். பொருள்: பெண்ணுக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறது, எந்த நேரத்திலும் அழைத்துவரலாம். வந்த நாள்: 1884 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை.